கிரகணம் பார்க்கத் திட்டமா? மேகத்தையும் கணக்கில் எடுங்கள்

2027 ஆகஸ்ட் 2 அன்று முழுச் சூரிய கிரகணம். அட்லாண்டிக் கடலில் தொடங்கும் நிழல் தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவுதி, ஏமன், சோமாலியா என்று கடந்து இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. எகிப்தின் லக்ஸர் பக்கம் 6 நிமிடத்துக்கும் மேலாகச் சூரியன் முழுசாக மறைந்திருக்கும். ஜித்தாவும் மெக்காவும் பாதைக்குள்ளேயே வருகின்றன. நமக்குச் சென்னையில் அன்று மாலை பகுதி கிரகணம்.

தண்டையார்பேட்டையில் கண் மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்தத் தேதி இப்போதே காதில் விழத் தொடங்கிவிட்டது. மண்ணடியில் ஒரு குடும்பம், ஜித்தாவில் வேலை பார்க்கும் மகனிடம் போவதையும் உம்ராவையும் அந்த வாரத்தோடு சேர்த்து யோசிக்கிறது. பெரம்பூரில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் லக்ஸர் போவதற்காகவே சீட்டு கட்டுகிறார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கண்ணாடி வாங்கணும் டாக்டர்?" மேகம் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான். பயணம் வீணாகாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை, கண்ணுக்காகவும்.

2019 டிசம்பர் 26 கிரகணத்துக்கு மறுநாள் காசிமேட்டில் படகு வேலை செய்யும் ஓர் இளைஞர் வந்தார். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. பலகையில் எழுத்தைப் படிக்கச் சொன்னேன். "எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அது மட்டும் காணோம் டாக்டர், பக்கத்து எழுத்து தெரியுது" என்றார். கட்டம் போட்ட தாளைக் காட்டினேன். நடுவில் இரண்டு மூன்று கட்டங்களை விரலால் வட்டம் போட்டு, "இங்க அழிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். ஸ்கேனில் விழித்திரையின் நடுப்புள்ளியில், ஒழுங்காக ஓட வேண்டிய ஒரு கோடு சிறிய இடைவெளி விட்டு அறுந்திருந்தது. சூரியனை நேராகப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் அதற்குப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன்: "வெயில்ல பார்க்கல டாக்டர். மேகம் மூடியிருந்தப்ப தான் பார்த்தேன். கண்ணு கூசவே இல்லையே."

அதுதான் சங்கதி. வெறும் சூரியனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கண் தானாக மூடிக்கொள்ளும். மெல்லிய மேகம் போர்த்திய சூரியன் நிலா மாதிரி வெளுத்து, பார்க்க இதமாக இருக்கும். கூச்சம் இல்லாததால் பார்வையை எடுக்கத் தோன்றாது. ஆனால் மேகத்தைத் தாண்டி வரும் ஒளி விழித்திரையைப் பாதிக்கப் போதுமானது. அதிலும் பிறை வடிவில் சுருங்கிய சூரியனுக்குப் பிரகாசம் மொத்தத்தில் குறைவு, மிஞ்சியிருக்கும் அந்தப் பிறையின் சூடு குறைவதில்லை. நாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் ஒரு நொடியில் விலகும்.

இன்னொன்று. வானம் தெளிவாக இருக்கும்போது பாதுகாப்பான வழி ஒன்று எல்லார் கையிலும் உண்டு. அட்டையில் ஊசித்துளை போட்டு, அதன் வழியே தரையில் விழும் சூரியப் பிறையைப் பார்க்கலாம். முருங்கை இலை நிழலுக்கு நடுவிலும் நூற்றுக்கணக்கில் பிறைகள் விழும். மேகம் வந்தால் நிழலே இல்லை, ஊசித்துளையும் வேலை செய்யாது. கிரகணக் கண்ணாடி போட்டிருப்பவருக்கோ சூரியன் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அப்போதுதான் கை கண்ணாடியைக் கழற்றப் போகும். கண்ணாடி வழியாகத் தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டும், கழற்றக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கிரகணத்துக்கு முன்பே நாலு தடவை சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் விழிலென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவு, உள்ளே போகும் ஒளியும் அதிகம்.

நம் பக்கத்தில் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. கொருக்குப்பேட்டைப் பட்டறைகளிலும் காசிமேட்டிலும் வெல்டிங் வேலை செய்யாத தெரு குறைவு. வெல்டிங் ஒளி பட்ட கண் ராத்திரி மணல் கொட்டியதுபோல உறுத்தும், எரியும், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அதனால் 'கண் கெட்டால் வலிக்கும், வலிக்காவிட்டால் கெடவில்லை' என்று பலர் முடிவு கட்டியிருக்கிறார்கள். வெல்டிங்கில் புண்ணாவது முன்னால் இருக்கும் கருவிழி. அதற்கு வலி தெரியும், ஆறவும் செய்யும். சூரியன் சுடுவது பின்னால் இருக்கும் விழித்திரையை. அதற்கு வலி நரம்பே கிடையாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் நடுவில் மங்கல் தெரியவரும்.

வெல்டிங் கண்ணாடி போதுமா என்று கேட்பவர்களுக்கு: அதில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பட்டறையில் புழங்குவது பெரும்பாலும் 10, 11. 12-க்குக் குறைந்த எதுவும் சூரியனுக்கு ஆகாது, 14 என்றால் நிம்மதி. எக்ஸ்ரே பிலிம், சிடி, புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதில் சூரியனைப் பார்ப்பதும் அப்படித்தான். அந்தத் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திப் பாருங்கள், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. கிரகணக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். குறியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் வீட்டிலேயே சோதியுங்கள்: போட்டுக்கொண்டு பார்த்தால் டியூப் லைட் தெரியக் கூடாது. கீறலோ மடிப்போ இருந்தால் தூக்கிப் போடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது வேண்டவே வேண்டாம். குவிந்து வரும் ஒளி அந்தப் படலத்தை ஓட்டை போட்டுவிடும்.

சரி, பயணத் திட்டத்துக்கு வருவோம். மேகத்தோடு மல்லுக்கட்டியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைக் குண்டூரில் பார்த்தவர். 1870 டிசம்பரில் பாரிஸ் நகரம் முற்றுகையில் இருந்தபோது, பலூனில் ஏறித் தப்பித்து, அல்ஜீரியாவின் ஓரான் வரை போனார். கிரகண நேரத்தில் மேகம். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருஷம், 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு நம் நீலகிரிக்கு வந்தார். மலை என்றால் பனிமூட்டம் எங்கே நிற்கும் என்று தெரிய வேண்டும், அதை விசாரித்துப் பார்த்துச் சோலூரைத் தேர்ந்தெடுத்தார். வானம் கைகொடுத்தது, சூரியனின் ஒளிவட்டத்தை நிறமாலைமானியில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) பார்த்துவிட்டார். அவர் அன்று அலைந்து திரிந்து செய்த வேலையை நாம் இன்று வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனாலும் பலர் செய்வதில்லை.

2009 ஜூலை 22 இதற்கு நல்ல பாடம். பீகாரில் தாரேக்னா என்ற ஊர்தான் பார்க்கச் சிறந்த இடம் என்று செய்தி பரவி, சின்ன ஊரில் பெருங்கூட்டம் கூடியது. பருவமழை மேகம் விடிகாலையில் சூரியனை மூடிவிட்டது. அதே பாதையில் மேற்கே இருந்த வாரணாசிப் படித்துறைகளில் நின்றவர்கள் முழு மறைப்பைப் பார்த்தார்கள். கிரகணம் எங்கே நீளமாக நிற்கும் என்பதைவிட, அந்த மாதத்தில் எங்கே மேகம் குறைவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2027-இல் லக்ஸருக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. ஆகஸ்டில் அங்கே மேகம் என்பதே அபூர்வம். அதற்குப் பதிலாக 40 டிகிரியைத் தாண்டும் வெயில், அதுவும் நண்பகலையொட்டி உச்சியில் நிற்கும் சூரியன். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே முழு கிரகணம் வேண்டுமென்றால் 2034 மார்ச் 20, கார்கில் பக்கம். மார்ச்சில் அங்கே மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் மேகமும் பனியும் கொண்டுவரும். அதற்குப் போகிறவர்கள் சில நாள் முன்கூட்டியே போய்விடுவது நல்லது.

டூர் ஏற்பாடு செய்பவரிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: அன்று விடியற்காலையில் வண்டி நம் கையில் இருக்குமா? ஓட்டல் மாடியில் உட்கார்த்திவைத்துப் பார்க்கவைப்பதாகச் சொன்னால், மேகம் வந்தால் மாடியிலேயே இருக்க வேண்டியதுதான். பாதையோடு முன்னும் பின்னும் நூறு கிலோமீட்டர் நகர முடிந்தால் வாய்ப்பு கூடும். முடிவை முந்தின நாள் மாலையே எடுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் எல்லோரும் அதே சாலையில் நிற்பார்கள். அவசரத்தில் வண்டிக்குள்ளிருந்தே வெறும் கண்ணால் எட்டிப் பார்க்கத் தோன்றும்.

சென்னைக்காரர்களுக்கு மழை என்றதும் கை ரேடார் படத்துக்குப் போகும். துறைமுகத்தில், ராஜாஜி சாலையில் இருக்கும் அந்த ரேடார் நமக்கு வீட்டு மனுஷர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ரேடார் காட்டுவது மழையை. உயரத்தில் படரும் மெல்லிய வெண்மேகம் அதில் தெரியாது. கிரகணத்துக்கு வேண்டியது செயற்கைக்கோள் படம். இன்சாட் படங்களை வானிலைத் துறையின் தளத்தில் பார்க்கலாம். வரிசையாக நாலைந்து படத்தைப் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று புரியும். வெயில் சூட்டில் தரையிலிருந்து எழும் பஞ்சுமேகங்கள், கிரகணத்தில் தரை குளிரும்போது கரைந்துபோவதும் உண்டு. உயரத்து மேகம் அப்படிக் கரையாது.

முழு மறைப்பின்போது மட்டும்தான் கண்ணாடியைக் கழற்றலாம். 99 சதவீதம் மறைந்தாலும் கூடாது. மேகத்துக்கு நடுவே சூரியன் தெரிந்து தெரிந்து மறையும்போது அந்தக் கணம் எது என்று கண்ணால் சொல்வது கடினம். அதனால் நிற்கிற இடத்துக்கான தொடக்க, முடிவு நேரத்தை விநாடி வரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவதற்குச் சில விநாடிகள் முன்பே கண்ணாடி மறுபடி முகத்தில் இருக்கட்டும். முழுசாக மூடிவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள். பட்டப்பகல் சட்டென்று இருட்டும், காற்று குளிரும், அடிவானம் சுற்றிலும் அந்தி நிறம் படரும். மேகத்துக்குக் கீழே நின்றவர்களுக்கும் இது கிடைக்கும்.

இங்கேயே இருப்பவர்களுக்கு: பகுதி கிரகணம் என்பதால் கண்ணாடியைக் கழற்றும் நேரம் என்று ஒன்று சென்னையில் கிடையாது. மாலையில் சூரியன் மேற்கே இருக்கும், ஆகவே காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைக்குப் போய்ப் பயனில்லை. மேற்கு திறந்த மொட்டை மாடி வேண்டும். ஆகஸ்ட் மாலையில் நமக்கு இடிமேகம் வருவதும் அதே மேற்கிலிருந்துதான். மதியம் இரண்டு மணிக்கே செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். மேற்கில் மேகம் திரண்டிருந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து நேரலையில் லக்ஸரைப் பார்க்கலாம். அன்று கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து போட்டுப் பாவை விரிந்திருப்பவர்கள் வானத்துப் பக்கமே பார்க்க வேண்டாம்.

மறுநாள் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி, காலண்டரில் ஒரு தேதியைப் பாருங்கள். நடுவில் மங்கலோ, கோடு வளைந்தோ, நிறம் வெளிறியோ தெரிந்தால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். நிரூபணமான மருந்து இதற்கு இல்லை. சில மாதங்களில் பலருக்குப் பார்வை நன்றாகத் திரும்புகிறது, சிலருக்கு அந்தப் புள்ளி நின்றுவிடுகிறது. காசிமேட்டு இளைஞருக்கு ஆறு மாதத்தில் வரி படிக்கும் அளவுக்குத் தெளிந்தது. வலது கண்ணில் மட்டும் சிறு எழுத்துக்கு நடுவே ஒரு மங்கல் இன்னும் இருக்கிறது.