புகை விடும் பழைய கார்: எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் முன்

ஒரு சனிக்கிழமை, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் 2008 மாடல் ஆல்ட்டோவைக் கொண்டுவந்து ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தினார். கையில் வேறு ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு. ‘ஃபுல் எஞ்சின் 55,000’ என்று ஒரே வரி, அதாவது எஞ்சின் முழுவதையும் பிரித்து வேலை பார்க்க 55,000 ரூபாய். “தம்பி, இதுல காசு போடலாமா, இல்ல தள்ளிவிட்டுட்டு வேற வண்டி பாக்கட்டுமா?” என்றார்.

“கம்ப்ரஷன் பாத்தாங்களா சார்?” என்று கேட்டேன். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று பார்க்கும் சோதனை அது.

பார்க்கவில்லை. சைலன்சரில் வந்த புகையைப் பார்த்தே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

கோவையில் இந்தத் தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். இப்படிப்பட்ட சீட்டுகள் அடிக்கடி வருகின்றன. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. சோதித்துப் பார்க்க அரை நாள் போகும், அதற்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அதனால் நேரே பெரிய வேலையைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது.

முதலில் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், சென்சார் என்று வெளியிலேயே தேட வேண்டிய சங்கதி, பெரும்பாலும் எஞ்சினைத் தொட வேண்டியிருக்காது. வெள்ளை என்றால், குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வருவது வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகட்டைச் சந்தேகப்பட வேண்டும். எல்லோரையும் பயமுறுத்துவது நீலப் புகை. அது ஆயில் எரிவது. ஆனால் அந்த ஆயில் எரியும் இடத்துக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் ஐயாயிரமா, ஐம்பதாயிரமா என்பது இருக்கிறது.

ஆயில் மேலிருந்து இறங்கலாம், கீழிருந்து ஏறலாம். மேலே வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் சிறு ரப்பர் வளையம். கீழே பிஸ்டன் ரிங், அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் உலோக வளையம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல பாதை இருக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல், கியரிலேயே வண்டியைப் பிடித்து வருவோம். அப்போது த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) மூடியிருப்பதால் இன்டேக் பக்கம், அதாவது காற்று உள்ளே போகும் வழியில், வெற்றிடம் அதிகமாகி, தளர்ந்த சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். பர்லியாறு தாண்டி, கல்லாறு வந்து சமதளத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். பின்னால் குப்பென்று ஒரு நீல மேகம், அப்புறம் ஒன்றுமில்லை. இது வால்வு சீல். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரு தடவை குப்பென்று விட்டு நின்றுவிடுவதும் அதே கதைதான்.

ரிங் போன வண்டி இப்படி விட்டுவிட்டுப் புகைக்காது. மேடு ஏறும்போதும் ஓவர்டேக் எடுக்கும்போதும் தொடர்ந்து விடும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை அடிக்கும். ‘பேக் கம்ப்ரஷன்’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி யாரும் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது, நானும்தான். சூடான எஞ்சினில் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், கேஜ் முள் நன்றாக ஏறினால் ரிங், போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் அல்லது கேஸ்கெட். ஆசிரியரின் ஆல்ட்டோவில் மூன்று சிலிண்டரும் 165, 160, 165 psi காட்டின. கீழே ஒரு குறையும் இல்லை. வால்வு சீல்களைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். ரப்பர் என்று சொல்ல முடியாது. நகத்தால் அழுத்தினால் காய்ந்த புளியங்கொட்டை மாதிரி இருந்தது. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்தால், ஹெட்டைக் கழற்றாமலேயே சீல் மாற்றலாம். 55,000 ரூபாய்க்கு எழுதிய சீட்டு 6,500 ரூபாயில் முடிந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. பல வருடம் முன்பு ஒரு ஜென் வந்தது. ஒரு சிலிண்டர் 105 காட்டியது, ஆயில் விட்டதும் 145. ரிங் தேய்மானம் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. வண்டிக்காரர் செலவைக் குறைக்கச் சொன்னார். நானும் லேத்துக்கு அனுப்பாமல், கையாலேயே ஹோனிங் (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்ப்பது) போட்டுப் புது ரிங் மட்டும் மாட்டிக் கொடுத்தேன். நாலே மாதத்தில் பழையபடி புகை. சிலிண்டர் தேயும்போது வட்டமாகத் தேயாது. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து நீள்வட்டமாகும். அதிலும் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அந்த ஓட்டைக்குள் வட்டமான புது ரிங் எப்படி உட்காரும்? கடைசியில் என் கைக்காசைப் போட்டு, லேத்தில் போர் பண்ணி (துளையை வட்டமாகப் பெரிதாக்கி), அதற்கேற்ற 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து போர் கேஜ் வைத்து அளக்காமல் ரிங் வேலை எடுப்பதில்லை. “ரிங் மட்டும் மாத்திடலாம்” என்று யாராவது சொன்னால், அளவு என்ன வந்தது என்று கேளுங்கள்.

சரி, பெரிய வேலைதான் என்று உறுதியாகிவிட்டது. செய்யலாமா? நான் எஞ்சினை விட்டுவிட்டு, துரு பார்க்கக் காருக்குள் தரையில் கிடக்கும் விரிப்பைத் தூக்குவேன். டிரைவர் கால் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே உள்ள பட்டை, முன்பக்க சஸ்பென்ஷன் உட்காரும் மேடை ஆகிய இடங்களில் ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா? போனால் அந்த வண்டிக்குப் புது எஞ்சின் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பாடி உறுதியாக இருந்தால் என் கணக்கு வேறு. ‘வண்டி விலையில் பாதிக்கு மேல் செலவானால் விற்றுவிடு’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே 50,000 ரூபாயைக் கொண்டுபோனால் பழைய கார் சந்தையில் கிடைப்பது இன்னொருவர் விட்ட புகை. உங்கள் வண்டியின் குறைகளாவது உங்களுக்குத் தெரியும். அதோடு 15 வருடம் தாண்டிய கார் என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம், எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவு எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். 2022 ஏப்ரலில் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் பழைய எஞ்சின் வாங்கி மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டலாம், ஓடவிட்டுக் காட்டினால். அதன் எஞ்சின் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும், பில் வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து ஆர்.சி.யில் நம்பரை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். நம்பரைத் தேய்த்து வைத்திருந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

எதுவுமே செய்யாமல் ஓட்டலாமா? சில வண்டிகளை ஓட்டலாம். ஆயிலைச் சரியான அளவுக்கு ஊற்றி, 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதி வையுங்கள். கால் லிட்டர் என்றால் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். ஆல்ட்டோ மாதிரி ஏறக்குறைய மூன்று லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் ஒரு லிட்டர் குறைந்தால், மூன்றில் ஒரு பங்கு ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். பேரிங் போய்விடும். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மெல்லக் கெடுக்கும்.

டர்போ டீசல் வைத்திருப்பவர்கள் மட்டும் நீலப் புகையோடு ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டர்போ சீல் போய் ஆயில் இன்டேக்கில் நிறைந்தால், எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஒரு தடவை கண்ணெதிரே பார்த்திருக்கிறேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டியான ஆயிலை ஊற்றி, நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்தால் புகை ஒளிந்துகொள்ளும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நாளை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் புகைக்காக வருகிறவர்களும் வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டுப் போங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை நான் போடுகிறேன், நீங்கள் சைலன்சர் பக்கம் நின்று பாருங்கள்.