போத்தலைக் குலுக்காதீர்கள்

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறுநகரில் படிவம் 5 பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் சுற்றுச்சூழல் பாடத்தை மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். "அது கதைப் பாடம் டீச்சர், கடைசி வாரம் பார்த்துக்கலாம்." புள்ளி போவதே அங்கேதான்.

பி.ஓ.டி. (உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை) கூடினால் தண்ணீர் நல்லதா, கெட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பலர் "நல்லது" என்பார்கள். பெயரில் ஆக்சிஜன் இருக்கிறதே! ஆனால் அது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் இல்லை. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். வரவுக் கணக்கு இல்லை, செலவுக் கணக்கு.

இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று மூன்று போத்தல் வைத்தேன்: குழாய்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் ஓடும் கால்வாய்த் தண்ணீர். ஒவ்வொன்றின் அடியிலும் ஊசிக்குழாயால் 1 மில்லிலீட்டர் மெத்திலீன் நீலம் (ஆக்சிஜன் தீர்ந்தால் நிறம் இழக்கும் சாயம்) விட்டு, மூடி, இருட்டு அலமாரியில் வைத்தோம். வெளிச்சத்தில் வைத்தால் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் விடும், கணக்குக் கெட்டுப்போகும். கால்வாய்த் தண்ணீர்தான் முதலில் நீலத்தை இழந்தது. ஒரு பையன் அதைத் திறந்து முகர்ந்துவிட்டு, மறுபடி மூடிக் குலுக்கினான். நீலம் திரும்பி வந்துவிட்டது. "டீச்சர், தண்ணி சுத்தமாயிடுச்சு!" வகுப்பே சிரித்தது. காற்றில் இருந்த ஆக்சிஜன் உள்ளே கலந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப்பின் அந்தக் கேள்வியை அவன் தப்பாக எழுதியதில்லை.

செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குட்டை வாடை இவர்களுக்குப் பழக்கம். செம்பனை ஆலைக் கழிவுநீரின் பி.ஓ.டி., சுத்திகரிப்புக்கு முன் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு மலேசியாவின் 1977 சுற்றுச்சூழல் விதிமுறைகள் கொண்டுவந்த வரம்பு படிப்படியாக இறங்கி 100 ஆனது. இடையில் அதைக் குறைப்பவை அந்தக் குட்டைகளின் பாக்டீரியாக்கள்தான். ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்து மீத்தேன் விடுகின்றன, மேலே குமிழ் வருவது அதனால். விடையில் இதை எழுதுங்கள், மனப்பாடம் வேண்டாம்.

உயிரியல் கட்டுப்பாட்டுக்கு உதாரணம் கேட்டால் தோட்டத்தில் கம்பத்தில் மாட்டிய ஆந்தைப் பெட்டியை எழுதலாம். அதில் தங்கும் ஆந்தை எலியைப் பிடித்துத் தின்னும். (பாட்டிமார் அபசகுனம் என்பார்கள், அது வேறு கதை.)

அப்புறம் ஒன்று. ஆய்வுக்கென்று பிள்ளைகள் சிலிப்பரோடு கால்வாயில் இறங்குகிறார்கள். எலி உள்ள இடத்துத் தண்ணீரில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் சின்னக் கீறல் போதும். பூட்ஸ், கையுறை போட்டு, கயிறு கட்டிய வாளியால் கரையிலிருந்தே எடுங்கள். ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கால்வாய்த் தண்ணீரைத் தொட்டதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.