மெட்சோஜோர்னோ: நண்பகலின் பெயர் கொண்ட தென்னகம்

இத்தாலியர் தம் நாட்டின் தென்பகுதியை ‘மெட்சோஜோர்னோ’ என்பர். ‘மெட்சோ’ என்பது நடு அல்லது பாதி. ‘ஜோர்னோ’ என்பது பகல். நண்பகல் என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். உச்சிப்பொழுதில் ஞாயிறு நிற்கும் திசைக்கு அப்பொழுதின் பெயரே ஆகிவந்து, பின்னர் அத்திசையில் உள்ள நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. லத்தீன் மொழியின் ‘மெரிடியெஸ்’ என்னும் சொல்லும் நண்பகல், தெற்கு ஆகிய இரு பொருளையும் தாங்கியிருந்தது. பிரெஞ்சுக்காரர் தம் நாட்டுத் தெற்கை ‘மிதி’ என்பதும் இவ்வழியில்தான்.

தமிழில் இத்தகைய பெயர் பிறந்திருக்க இயலாது. உரோம் நகரம் கடக ரேகைக்கு வெகுவாக வடக்கே இருப்பதால், ஆண்டின் எந்நாளிலும் நண்பகல் ஞாயிறு அங்கே தெற்கு வானில்தான் நிற்கும். சென்னையிலோ அது ஏப்ரல் இறுதியில் தலைக்கு நேர்மேலே வந்து, ஆகஸ்டு நடுப்பகுதி வரை சற்றே வடக்கில் நிற்கிறது. அந்நாள்களில் உச்சிவேளை நிழல் தெற்கு நோக்கி விழும். நம்மவர் மேற்கையும் கிழக்கையும் ‘மேல்’, ‘கீழ்’ என்னும் அடிகளிலிருந்து பெற்றனர். மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்த நிலத்தில் அது இயல்பே.

மெட்சோஜோர்னோ எங்கே தொடங்குகிறது என்பதற்கு வரைபடம் மட்டும் விடை தராது. அப்ருட்சோ, மொலிசே, கம்பானியா, புலியா, பசிலிகாத்தா, கலாப்ரியா, சிசிலி, சார்டினியா ஆகிய எட்டு வட்டாரங்களும் இன்று இப்பெயருக்குள் அடங்குவன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும் மக்களில் மூன்றில் ஒரு பங்கும் இங்கு உள்ளன. இவற்றுள் சார்டினியாவைத் தவிர ஏனையவை, இத்தாலி ஒரே நாடாக இணையுமுன், பெரும்பாலும் நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட இரு சிசிலிகளின் முடியரசுக்கு உட்பட்டிருந்தவை. சார்டினியாவோ வடக்கிலுள்ள பியெட்மொண்ட் அரசோடு ஒரே முடியின்கீழ் இருந்தது. அரச மரபைக் கொண்டு பார்த்தால் அது வடவர் பக்கம். ஆயினும் வறுமை அதனைத் தெற்கில் சேர்த்தது. 1950ஆம் ஆண்டில் தெற்கின் வளர்ச்சிக்கென அரசு ‘காசா பெர் இல் மெட்சோஜோர்னோ’ என்னும் நிதியத்தை நிறுவியபோது எல்லை இன்னும் நெகிழ்ந்தது: உரோம் நகரம் அமைந்த லாட்சியோ வட்டாரத்தின் தென்பகுதியும், நடு இத்தாலியிலுள்ள டஸ்கனியைச் சேர்ந்த எல்பா தீவுங்கூட அந்நிதியத்தின் ஆளுகைக்குள் வந்தன. டஸ்கனித் தீவொன்றைச் சட்டம் தெற்காக்கிவிட்டது என்பதே, இச்சொல் திசையைவிட நிலைமையையே மிகுதியாகக் குறிக்கிறது என்பதற்குப் போதிய சான்று.

அந்நிலைமையின் வேர் நாடு ஒன்றிணைந்த விதத்தில் உள்ளது. 1860ஆம் ஆண்டில், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய தளபதி கரிபால்டி ஆயிரம் பேர் கொண்ட படையுடன் சிசிலியில் இறங்கி, சில மாதங்களில் நேப்பிள்ஸை அடைந்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதம் இத்தாலிய முடியரசு அறிவிக்கப்பட்டது. புதிய நாட்டின் முதல் மன்னரான விக்டர் இம்மானுவேல், பியெட்மொண்டும் சார்டினியாவும் அடங்கிய தம் பழைய அரசின் வரிசைப்படி ‘இரண்டாம்’ என்னும் அடைமொழியையே வைத்துக்கொண்டார். தெற்கத்தியர் கண்ணுக்கு இது இணைப்பாகத் தோன்றுமா, கைப்பற்றலாகத் தோன்றுமா? பியெட்மொண்டின் சட்டங்களும் வரியும் கட்டாயப் படைச்சேர்ப்பும் தெற்கே வந்தன. எதிர்த்து எழுந்தவர்களைக் ‘கொள்ளையர்’ என்று அரசு அழைத்து, 1863இல் பிக்கா சட்டத்தின்கீழ் படை நீதிமன்றங்களில் நிறுத்தியது. பத்தாண்டுக்குப் பின் லொம்பார்டியைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் அந்தோனியோ பில்லியா ‘குவெஸ்தியோனே மெரிடியொனாலே’ என்னும் தொடரைக் கையாண்டார். இதைத் ‘தெற்கின் கேள்வி’ என்று தமிழாக்குவதைக் காண்கிறோம், அது பொருந்தாது. ‘தென்னகச் சிக்கல்’ என்பதே கருத்தைத் தரும்.

இனி, மெட்சோஜோர்னோவுக்குத் தமிழில் எதைக் கொள்வது? ‘நண்பகல் நாடு’ அழகாக இருப்பினும் படிப்பவருக்குத் திசை புலப்படாது. ‘தென்புலம்’ எனலாமா எனின், ‘தென்புலத்தார் தெய்வம்’ என்னும் குறளால் அச்சொல் மறைந்த முன்னோர் உறையும் இடமாக நமக்குப் பதிந்துவிட்டது. உயிரோடுள்ள நேப்பிள்ஸ்காரரை அங்கு அனுப்புவது முறையன்று. ‘தென்னித்தாலி’ பிழையற்றதெனினும் வெறும் நிலவியற்பெயர். ஆகவே ‘இத்தாலியத் தென்னகம்’ என்பதையே பரிந்துரைப்பேன். ‘அகம்’ என்னும் ஈறு இடத்தோடு அங்கு வாழ்வாரின் வாழ்முறையையும் சேர்த்துச் சுட்ட வல்லது. ‘மெரிடியொனாலி’ என்பாரைத் ‘தென்னகத்தார்’ எனலாம்.

வடவர் இழிவாகச் சொல்லும் ‘தெர்ரோனே’ வேறு வகையைச் சேர்ந்தது. நிலம் எனப் பொருள்படும் ‘தெர்ரா’விலிருந்து வந்த இவ்வசையைத் ‘தென்னகத்தார்’ என்று மெருகிட்டு எழுதினால் ஏச்சு மறைந்துவிடும்; ‘பட்டிக்காட்டான்’ என்பதே அதன் காரத்தைக் காட்டும். தெற்கத்தியர் திருப்பி வீசும் ‘பொலென்டோனே’, மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் பொலென்டாவை வைத்துப் பிறந்தது. அதற்குக் ‘களிதின்னி’ கச்சிதமாகப் பொருந்துகிறது.