தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படித்தீர்களா?

நீதிபதி கே. சந்துரு பற்றிப் பேச்சு வந்தால், வழக்கறிஞர்களான எங்களிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் முதலில் சொல்வது ‘ஜெய் பீம்’ சினிமாவைத்தான். அந்தப் படத்தின் கதை, அவர் வழக்கறிஞராக இருந்தபோது 1990களில் நடத்திய ஆட்கொணர்வு வழக்கு; அதாவது, காணாமல்போனவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் வழக்கு. சரி, நீதிபதியாக என்ன செய்தார் என்று கேட்டால், ‘மை லார்டு’ என்று கூப்பிட வேண்டாம் என்றவர், ஓய்வு பெற்ற அன்று மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனவர் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வழக்குப் போட்டவர் கைக்குக் கிடைப்பது உத்தரவு மட்டுமே.

2006 முதல் 2013 மார்ச் வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தார். முடித்த வழக்குகள் சுமார் 96,000. ஒரே சட்டக் கேள்வியுள்ள வழக்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்காமல் இந்த வேகம் வராது.

அவர் தீர்ப்புகளில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 2008-ல் வந்த ஒன்று. உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்து அம்மன் கோயில். பூசாரியாக இருந்த அப்பாவுக்குப் பிறகு மகள் பூசை செய்ய வந்தார். பெண் செய்யக் கூடாது என்று எதிர்ப்பு. அந்தப் பெண் ரிட் மனுவோடு, அதாவது அரசு அதிகாரிகளுக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் மனுவோடு வந்தார். பெண் பூசை செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, அம்மன் கோயிலிலேயே பெண்ணைத் தடுப்பது முரண் என்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பு தரும் சமத்துவத்துக்கு முன் ஊர் வழக்கம் நிற்காது என்பதுதான் அதன் சாரம்.

மனு கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன தீர்ப்பு அது. எல்லா உத்தரவும் அப்படி இருப்பதில்லை. ரிட் போட்ட பலருக்குக் கிடைப்பது, “மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து, இத்தனை வாரத்துக்குள் தகுந்த உத்தரவு பிறப்பிக்க வேண்டும்” என்ற ஒரு வரி. ஓய்வூதியப் பாக்கி கேட்டு வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு இனிப்போடு வந்து நிற்பார்கள். அய்யா, இதில் பணம் கொடுக்கச் சொல்லவில்லையே! அதிகாரி பரிசீலித்துவிட்டு ‘நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதினாலும் உத்தரவை நிறைவேற்றியதாகத்தான் கணக்கு. அப்புறம் அந்த நிராகரிப்பை எதிர்த்துப் புதிதாக ரிட் போட வேண்டும். அதனால் தீர்ப்பு வந்தவுடன் கடைசிப் பத்தியில் பாருங்கள்: ‘பரிசீலிக்க’ என்றிருக்கிறதா, ‘வழங்க’ என்றிருக்கிறதா?

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு (நீதிமன்றமே சான்றளித்துத் தரும் பிரதி) உடனே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அதிகாரிக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவிலேயே பெரும்பாலும் “நகல் கிடைத்த நாளிலிருந்து” என்றுதான் கெடு எழுதியிருக்கும். நகலே போய்ச் சேரவில்லை என்றால் கெடு ஓட ஆரம்பிக்காது.

கெடு தாண்டியும் நடவடிக்கை இல்லையென்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வர வேண்டும். “ஆபீசில் அடுத்த மாதம் ஆகும் என்றார்கள், காத்திருந்தேன்” என்று ஓராண்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அந்த வாய்வார்த்தையைக் காட்டிக் காலக்கெடுவை நீட்டிக்க முடியாது.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த பழைய தீர்ப்பைக் கொண்டுவந்து, “எனக்கும் இதே மாதிரி” என்பார்கள். தனி நீதிபதியின் தீர்ப்பை இரு நீதிபதிகள் அமர்வு மாற்றியிருக்கலாம், உச்ச நீதிமன்றம் தடை விதித்திருக்கலாம். சந்துரு எழுதியதென்றாலும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது. தீர்ப்பில் உள்ள வழக்கு எண்ணையும் ஆண்டையும் உயர் நீதிமன்ற இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். மேல்முறையீடு இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். இதைக் கேட்டால் நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.