வில்லுப்பாட்டின் குடமும் காதின் கணக்கும்

திருநெல்வேலிச் சீமையின் கோயில் கொடை விழாக்களில், காவல் தெய்வமான சுடலைமாடனின் கதை வில்லுப்பாட்டாக இரவு முழுவதும் நீளும். அத்தனை நேரமும் குடமும் உடுக்கையும் வில்லில் கட்டிய மணிகளும் பெரும்பாலும் ஒருசில தாளக்கட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. ஆயினும் கோயில் முற்றத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு அலுப்புத் தட்டுவதில்லை. கணினியில் பாட்டமைக்கும் ஒருவர் ஒரே தாளத்துண்டை நகலெடுத்து வரிசையாக ஒட்டிவிட்டால், அதுவோ சிறிது நேரத்திலேயே காதில் விழுந்தும் விழாத ஓசையாகிவிடுகிறது.

திரும்ப வரும் ஒலியை மூளை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அடுத்து வரவேண்டியது எது என்று முன்கூட்டியே கணித்து வைக்கிறது. கணிப்பு பலித்துக்கொண்டே இருந்தால் நரம்பணுக்களின் துலங்கல் தணிகிறது. கணிப்புக்கு மாறான ஒலி வந்தாலோ, ஏறத்தாழ 100 முதல் 250 மில்லி விநாடிக்குள் மூளையில் ஒரு தனித்த மின் அலை எழுகிறது. ஃபின்லாந்தின் ரிஸ்தோ நாத்தானனும் அவருடைய குழுவினரும் 1978இல் விவரித்த இந்த அலை, கேட்பவர் புத்தகத்தில் ஆழ்ந்திருந்தாலும் எழக்கூடியது. ஒழுங்கு ஒன்று முதலில் பதிந்திராவிட்டால் அது எழுவதே இல்லை என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மாற்றத்துக்கு வலிமை தருவது அதற்கு முன் வந்த மாறாமைதான்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கையால் தட்டிப் பார்க்கலாம். ‘தக திமி தக ஜொணு’ என்பது எட்டு எண்ணிக்கை. அழுத்தம் 1, 3, 5, 7 ஆகிய இடங்களில் விழுகிறது. இதை மூன்று முறை தட்டிவிட்டு, நான்காம் முறை ‘தகிட தகிட தக’ என்று தட்டுங்கள். வேகமும் மாறவில்லை, எட்டும் குறையவில்லை. ஆனால் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிந்ததால் அழுத்தம் 1, 4, 7 ஆகிய இடங்களுக்கு நகர்ந்துவிடுகிறது. மூன்றாம் இடத்தில் அடியை எதிர்பார்த்த காது ஏமாறுகிறது, நான்காம் இடத்தில் திடுக்கிடுகிறது, ஏழாம் இடத்திலோ பழைய கட்டும் புதிய கட்டும் ஒன்றாகச் சேர்வதால் மீண்டும் தரையைத் தொடுகிறது. அடுத்த சுற்றின் முதல் அடி அத்தனை நிறைவாக விழுவதற்கு இந்த ஏழாம் அடியே காரணம்.

கீர்த்தனையில் ஒரே வரியைச் சிறுசிறு மாற்றங்களோடு திரும்பப் பாடும் சங்கதிகளைப் போடும்போதும், பெரும்பாலும் வரியின் தொடக்கத்தைத் தொடாமல் விட்டுப் பிற்பகுதியையே வளர்க்கிறார்கள். தொடக்கம் மாறாதிருந்தால்தான் கேட்பவருக்கு இது அதே வரி என்று தெரியும்.

எண்ணிக்கையைத் தொடாமல் ஒலியின் நிறத்தை மட்டும் மாற்றவும் வழியுண்டு. குடத்தின் வாயில் அடித்தால் உள்ளே அடைபட்ட காற்று முழுவதும் அதிர்ந்து கனத்த ஒலி பிறக்கிறது. குடத்தின் உடம்பில் தட்டினால் சுட்ட மண்ணே அதிர்ந்து கூர்மையான ஒலி தெறிக்கிறது. ஒரே ஓர் அடியை வாயிலிருந்து உடம்புக்கு மாற்றினாலும் காது அதைக் கண்டுகொள்கிறது.

இங்கே பாட்டமைப்பவர்கள் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நான்காம் சுற்றிலும் தவறாமல் மாற்றம் வைத்தால், நான்கு சுற்றும் சேர்ந்த பெரிய கட்டு ஒன்றை மூளை கற்றுக்கொண்டுவிடும். அதன்பின் அந்த மாற்றமும் எதிர்பார்த்ததாகிவிடும். வில்லுப்பாட்டில் இச்சிக்கல் எளிதில் எழாததற்குக் காரணம், மாற்றம் எங்கே வரவேண்டும் என்பதைச் சுற்றுகளின் எண்ணிக்கையைவிடக் கதையின் போக்கே முடிவு செய்வதுதான்.

ஓர் அடியை வேண்டுமென்றே விட்டுவிடுவதும் மாற்றமே. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் உறங்கும்போது தாளத்தை ஒலிக்கச் செய்து, இடையில் முதலடியை மட்டும் நீக்கினால், அவர்களின் மூளையும் அந்த இன்மையை உணர்கிறது என்று 2009இல் இஸ்த்வான் விங்க்லர் குழுவினர் காட்டினர். மாடன் வரும் கட்டத்தில் குடம் ஒரு சுற்று முழுவதும் ஓய்ந்துவிட்டால், விடுபட்ட எட்டு அடிகளையும் முற்றத்தில் இருப்பவர்களின் கால்விரல்கள் தட்டிக்கொண்டிருக்கும்.