உள்ளங்காலில் தெரியும் வலி

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கும் பெரியவரிடம், "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடலாம். ஆறு மாதக் குழந்தையிடம்? அழுகிறதே, அது போதாதா என்றால், பசித்தாலும் அழும், அம்மாவைக் காணோம் என்றாலும் அழும், மயக்கம் தெளியும் குழப்பத்திலும் அழும். வலியைக் குறைவாகக் கணித்தால் குழந்தை தவிக்கும். கூடுதலாகக் கணித்து மார்ஃபின் என்ற வலிமருந்தை அதிகம் ஏற்றினால் மூச்சு மந்தப்படும்.

1980-கள் வரை, பச்சிளங்குழந்தைகளுக்கு வலி அவ்வளவாக உறைக்காது என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வலிமருந்து போதாமலேயே இதயத்தருகில் அறுவை நடந்தது; படிக்கவே நெஞ்சு பதறுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்தும் உடனிருந்தவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. ஃபெண்டனில் என்ற வலிமருந்து பெறாத குழந்தைகளின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் மிக அதிகமாக ஏறியிருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம்.

சரி, வார்டில் எப்படி அளப்பது? 1997-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃப்ளாக்' அளவுகோல் இன்று பரவலாகப் புழங்குகிறது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மார்க், மொத்தம் 10. தாடை நடுங்கினால் 2. கால்களை உதைத்தாலோ மடக்கி இழுத்துக்கொண்டாலோ 2. தூக்கி அணைத்தும் அடங்கவில்லை என்றால் 2. இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தாய்மார்கள் காலங்காலமாகச் செய்துவரும் சோதனை அது.

ஆனால் தசை தளர்த்தும் மருந்தோடு வென்டிலேட்டரில் கிடக்கும் குழந்தையால் முகம் சுளிக்கவோ கால் உதைக்கவோ முடியாது. அழுது களைத்த குழந்தையும் அசையாமல் கிடக்கும். அங்கேதான் உள்ளங்கால் கைகொடுக்கிறது. வலி எழுந்ததும் தன்னியக்க நரம்புகள் தூண்டப்பட்டு, உள்ளங்காலின் வியர்வைச் சுரப்பிகள் நிரம்புகின்றன. தோலின் மின்கடத்தும் திறன் ஓரிரு நொடிகளில் ஏறுகிறது. வியர்வை உள்ளிழுக்கப்பட்டதும் இறங்குகிறது. பாதத்தில் ஒட்டிய மின்முனைகள் இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு எத்தனை என்று எண்ணுகின்றன. நார்வேயின் ஆய்வாளர் ஹன்னே ஸ்டோர்ம் வளர்த்தெடுத்த முறை இது. இதயத் துடிப்பை அளந்தால் போதாதா? காய்ச்சலும் ரத்த இழப்பும் அதை மாற்றிவிடும். வியர்வைச் சுரப்பியை இயக்குவது அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருள் என்பதால், இதயத்துக்கான பல மருந்துகள் இந்த அளவைக் குழப்புவதில்லை. அட்ரோபின் என்ற மருந்து விதிவிலக்கு. அது வியர்வையையே நிறுத்திவிடும்.

என்றாலும் பயத்திலும் உள்ளங்கால் வியர்க்கும். முகமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 2010-இல் லண்டனில், ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்துமுன் சில சிசுக்களுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். முகச்சுளிப்பு குறைந்தது; மூளையில் பதிவான வலிச் சமிக்ஞையோ குறையவில்லை.

அதனால் ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு என்பது என் எண்ணம். மார்க் ஏறினால் பசியா, ஈரத்துணியா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் மருந்து. அது வேலை செய்யும் நேரம் கடந்ததும், அதே ஐந்து கேள்விகளோடு மறுபடி தொட்டிலருகே போய் நிற்க வேண்டும்.