எலிக்குக் கொடுத்ததை நம்பி நான்கு மாதம்

'நானோ சிகிச்சை' விளம்பரத்தை நம்பி நாள் கடத்திவிட்டு எங்கள் புற்றுநோய் வார்டுக்கு வந்தவர்களில், இந்த ஆண்டில் அந்த அம்மா மூன்றாவது. முதலில் பார்த்தபோது மார்பில் 2 செ.மீ. கட்டி, அறுவையில் எடுத்திருக்கலாம். நான்கு மாதம் கழித்து வந்தபோது கட்டி தோலைப் பிளந்திருந்தது. புண்மேல் மடித்து வைத்திருந்த கைக்குட்டை முழுக்க நனைந்திருந்தது. பையில் ஒரு பளபளப்பான தாள்: 'நோயெதிர்ப்பு செல் வழி நானோ சிகிச்சை, கீமோ தேவையில்லை'. கூடவே நகை அடகு ரசீது.

ஆராய்ச்சி உண்மையில் நடக்கிறது. மோனோசைட், மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களைப் புற்றுக்கட்டி தன்பக்கம் இழுக்கும். மருந்து அடைத்த நானோ துகள்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை, அந்த செல்களில் ஏற்றி அனுப்பலாமே என்பது நல்ல யோசனை. 2017-ல் சீனாவில், மூளைக்கட்டியை அறுத்தெடுத்தபின் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வழியாக பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை அனுப்பினார்கள். கட்டி திரும்ப வளர்வது தாமதமானது.

எலிகளில்!

எலியின் எடை சுமார் 20 கிராம். அதன் கட்டியை ஆராய்ச்சியாளரே ஊசியால் வைக்கிறார், சில வாரங்களில் முடிவு தெரிந்துவிடும். அந்த அம்மாவின் கட்டி வருடக்கணக்கில் தானாக வளர்ந்தது. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் ஏராளம். அந்த எலியிலும்கூட, ரத்தத்தில் ஏற்றும் நானோ துகள்களில் கட்டியை அடைவது பொதுவாக 0.7% அளவுதான் என்று 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் செல்களை வண்டியாக்கிப் பார்க்கிறார்கள்.

நானோ என்றால் பக்கவிளைவே இல்லையாம்! எங்கள் வார்டில் ஏற்றும் நாப்-பாக்லிடாக்சலும் நானோ மருந்துதான். அதுவும் கீமோதான், அதற்கும் முடி கொட்டும்.

"கார்-டி செல் நம் நாட்டிலேயே வந்துவிட்டதே டாக்டர்?" வந்துவிட்டது. நோயாளியின் நோயெதிர்ப்பு செல்லையே புற்றைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றும் சிகிச்சை அது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியதற்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. அது பி-செல் என்ற வெள்ளையணுவில் வரும் ரத்தப்புற்றுக்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கும். மார்பகக் கட்டிக்கு இல்லை, அதில் நானோ துகளும் இல்லை.

யாராவது புது சிகிச்சை என்றால் சிடிஆர்ஐ (மனிதரில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் தாளை எங்களிடம் கொண்டுவாருங்கள், திட்டமாட்டோம். கீமோ பயமாக இருந்தால் பயம் என்றே சொல்லுங்கள். வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் உண்டு. பயாப்ஸி முடிவு வந்தபின் மட்டும் நாள் கடத்தாதீர்கள், தயவுசெய்து.

அந்த அம்மாவுக்குத் திங்கட்கிழமை கீமோ தொடங்கினோம். கட்டி சுருங்கினால்தான் அறுவை.